‘வடிவாப் பாருங்கோ!’ - மைனஸ் 15 டிகிரியில் அம்மா, அக்கா, நான்

பனி என்றால் எங்கள் அம்மாவுக்கு இரண்டுதான் தெரியும். ஒன்று, மார்கழி விடியலில் கோலம் போடும்போது தலையில் துண்டைக் கட்ட வைக்கிற பனி. இன்னொன்று, சின்ன வயதில் கொடைக்கானலில் ஒரே ஒருமுறை பார்த்த மூடுபனி. எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்று சொல்லிக்கொண்டே ஃபேனை மூன்றில் வைத்துத் தூங்குகிற கரிசல் ஊர்.

அந்த அம்மாவைத்தான் 2024 நவம்பரில் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்குத் தலைப்பிரசவம். அக்காவும் அத்தானும் டொரன்டோவில், ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறார்கள். நடுவழியில் ஃப்ளைட் மாற வேண்டும் என்றதுமே, ‘நான் தனியா வரமாட்டேன்’ என்று அம்மா சொல்லிவிட்டார். நான் வேலை பார்ப்பது டிஜிட்டல் டெஸ்க்கில். லேப்டாப்பும் வைஃபையும் இருந்தால் போதும் என்று ஆபீஸில் கெஞ்சி மூன்றரை மாதம் அனுமதி வாங்கினேன். ஒரே நிபந்தனை, ஷிஃப்ட் மாறக்கூடாது. இந்திய நேரம் காலை 6 மணி ஷிஃப்ட் என்றால் டொரன்டோவில் முதல் நாள் இரவு ஏழரை. அதிகாலை மூன்றரை வரைக்கும் ஊரே தூங்க, நான் மட்டும் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தி தட்டிக்கொண்டிருப்பேன்.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து சில நாள் ஆகியிருந்தது. விழுப்புரம், கடலூர் வெள்ளச் செய்திகளாக ஓடிக்கொண்டிருந்த ஓர் இரவு அது. ‘இடுப்பளவு தண்ணீர்’ என்று டைப் செய்துவிட்டு நிமிர்ந்தால், ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கின் கீழ் ஏதோ பறந்துகொண்டிருந்தது. முதலில் பூச்சி என்றுதான் நினைத்தேன். நம் ஊரில் மழைக்கு முந்தைய நாள் விளக்கைச் சுற்றி ஈசல் பறக்குமே, அதே மாதிரி. ஈசல் என்றால் மேலே போகும், கீழே வரும். இது கீழே மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

மழைக்குச் சத்தம் உண்டு. பனிக்கு அது இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விழுகிற சத்தம் மட்டுமல்ல, இருக்கிற சத்தத்தையும் சேர்த்து அது தின்றுவிடுகிறது. தூரத்து நெடுஞ்சாலையின் இரைச்சல்கூட அடங்கிப்போனது. புதுப்பனிக்குள் நிறைய காற்றறைகள் இருப்பதால் அவை ஒலியை உறிஞ்சிவிடுமாம், சினிமா தியேட்டர் சுவரில் பஞ்சு வைப்பது போல. இதெல்லாம் பிறகு படித்தது. அந்த நேரத்தில், காது அடைத்துக்கொண்டதோ என்று இரண்டு முறை கொட்டாவி விட்டுப் பார்த்தேன்.

விடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு ஜன்னலைக் காட்டினேன். வாயில் கை வைத்து ஆச்சரியப்படுவார், அதை வீடியோ எடுக்கலாம் என்று போனை ரெடியாக வைத்திருந்தேன். அம்மா அரை நிமிஷம் பார்த்தார்.

“ஏட்டி, இது எப்ப வடியும்?”

அவர் வெள்ளம் பார்த்த ஊர்க்காரி இல்லை. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான். ஏப்ரல் வரை வடியாது என்று நான் சொல்லவில்லை.

அன்றைக்கு அத்தான் வாசல் படியில் உப்பைக் கைகையாக அள்ளி வீசியதைப் பார்த்து அம்மா பதறிப்போனார். உப்பைச் சிந்துவதே பாவம் என்று வளர்ந்தவர், மூட்டையாக வாங்கித் தெருவில் கொட்டுவதை எப்படிப் பார்ப்பார்? உப்பு பட்டால் தண்ணீரின் உறைநிலை இறங்கும், அதனால் ஐஸ் இளகும் என்று அத்தான் விளக்கினார். மைனஸ் 10-க்கும் கீழே குளிர் போனால் அந்த உப்பும் அவ்வளவாக எடுபடாதாம். “அப்பறம் எதுக்குப் போடுதீக?” என்றார் அம்மா.

மறுநாளே உப்பு படாத இடமாகப் பார்த்து அம்மா வழுக்கி விழுந்தார். கறுப்பு ஐஸ் என்கிறார்கள். உண்மையில் கறுப்பெல்லாம் இல்லை. கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதால் அடியில் இருக்கிற தார்தான் தெரியும். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மா வெளியே போவதை நிறுத்திவிட்டார். அந்த வாரமே பாப்பாவும் பிறந்தாள். வீட்டுக்குள் பூண்டுக் குழம்பும் லேகியமும் தொட்டிலுமாக ஓர் உலகம். வெளியே யாருக்கோ சொந்தமான வெள்ளை உலகம். ஜன்னல் திரையை அம்மா இழுத்து மூடியே வைத்திருந்தார். “பச்சை உடம்புக்காரி, காத்து படக்கூடாது.” இரண்டு அடுக்குக் கண்ணாடிக்குள் எந்தக் காற்று வரும் என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் நடுவில் டொரன்டோவில் மாலை 4.45-க்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும். ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கி எழுந்தால், எனக்கு வெளிச்சமே கிடைக்காது. இரவிலிருந்து இரவுக்கு எழுந்துகொண்டிருந்தேன். அக்கா அப்போதும் அமைதியாகத்தான் இருந்தாள். களைப்பு என்று நினைத்தோம்.

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டு அம்மம்மா வருகிறார்.

யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். அம்மாவுக்கு அம்மம்மா என்று கூப்பிடும் வயதில்லை. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் அம்மம்மாதான், அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். குழந்தை பார்க்க ஒடியல் மாவும் ஒரு கம்பளிக் குல்லாவும் கொண்டுவந்தார். அம்மா விழுந்த கதையைக் கேட்டுவிட்டு, வரவேற்பறையிலேயே நடந்து காட்டினார். காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, சின்னச் சின்ன அடியாக. “பென்குயின் மாதிரி நடவுங்கோ. கையைப் பொக்கெற்றுக்குள்ள வைக்காதேங்கோ, விழுந்தா ஊண்டேலாது.” அம்மா அன்றைக்குத்தான் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

பிறகு அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். லேசாகப் பனி தூவிக்கொண்டிருந்தது. அம்மம்மா தன் கறுப்புக் கோட்டின் கையை நீட்டி, “இஞ்ச வடிவாப் பாருங்கோ” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். “எப்படி அழகாப் பாக்குறது? நான் சாதாரணமாத்தான பாக்க முடியும்?”

நமக்கு வடிவு என்றால் அழகு, உருவம். யாழ்ப்பாணத் தமிழில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘வடிவாப் பாருங்கோ’ என்றால் ‘நன்றாக, கவனமாகப் பாருங்கள்’ என்று அர்த்தம். வடிவாச் சாப்பிடலாம், வடிவாக் கதைக்கலாம், வடிவாப் படிக்கலாம். கவனமாகச் செய்வதற்கும் அழகுக்கும் அங்கே ஒரே சொல். இதை அம்மம்மா விளக்கியபோது, தலைப்புக்காகச் சொல் தேடியே பொழுது போகிற எனக்குப் பொறாமையாக இருந்தது.

வடிவாப் பார்த்தோம். கோட்டின் கம்பளி இழையில் ஒரு நட்சத்திரம். பொட்டுக்கும் சிறியது. ஆறு கைகள், ஒவ்வொரு கையிலும் பெரணி இலை மாதிரி கிளைகள். பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் ஆறு கைகள், ஆனால் வேறு மாதிரி. பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. இந்த வடிவத்தை ஓவியர்கள் மிகைப்படுத்தி வரைகிறார்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தார். அடக்க முடியாமல் விட்டதும் நட்சத்திரம் துளித் தண்ணீரானது.

“அச்சோ” என்றார், எதையோ உடைத்துவிட்டவர் போல.

இந்த நட்சத்திரத்தின் மேல் பைத்தியமாக இருந்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி. மைக்ராஸ்கோப்பில் கேமராவைப் பொருத்தி, 1885-ல் ஒற்றைப் பனிப்படிகத்தை முதன்முதலாகப் படம் எடுத்தார். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்துத் தள்ளினார். ஜப்பானின் உகிசிரோ நகாயா 1936-ல் ஆய்வுக்கூடத்திலேயே பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார், முயல் ரோமத்தின் நுனியில்! மேகத்தில் இருக்கிற வெப்பமும் ஈரமும்தான் படிகத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று கண்டுபிடித்தவர் அவர். மைனஸ் 15 டிகிரியை ஒட்டித்தான் இந்தக் கிளைவிட்ட நட்சத்திரம் நன்றாக வளரும். மைனஸ் 5-ஐ ஒட்டி வெறும் ஊசிகள்தான். அம்மாவிடம் சொன்னேன். “அப்ப குளிரக் குளிரத்தான் பூ பூக்கும்” என்று தன் மொழியில் சுருக்கிவிட்டார். டெஸ்க்கில் எனக்கு இப்படி ஓர் எடிட்டர் இல்லை.

மார்கழி பிறந்தது. அம்மா காலை ஐந்தரைக்கு எழுந்து, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, அரிசி மாவு டப்பாவோடு பின்வாசலைத் திறந்தார். ராத்திரி பெய்த பனியில் பின்கட்டு முழுக்க வெள்ளை. வெள்ளைத் தரையில் வெள்ளை மாவு! கொஞ்ச நேரம் டப்பாவையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். தோற்றுப்போய் வந்துவிட்டார் என்று நினைத்தேன். தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். கரண்டிக் காம்பால் புள்ளி குத்தி, பனியைக் கீறி, ஏழு புள்ளிக் கோலத்தை இழுத்தார். மாவில் போடுவது தரைக்கு மேல் நிற்கும். இது உள்ளே இறங்கி நின்றது. தெருவிளக்கு சாய்வாக விழ, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் நீல நிழல் தேங்கியிருந்தது. கை விறைத்துப்போய் உள்ளே வந்து வெந்நீரில் விடப்போனவரை அத்தான் தடுத்து, கையை அக்குளுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். மரத்துப்போன விரலுக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது, வெந்துபோகும்.

அன்றிலிருந்து புதுப்பனி விழுந்தால் அம்மாவுக்குப் புதுத் தரை. பழைய கோலத்தைக் கூட்ட வேண்டிய வேலையும் இல்லை.

ஓர் அபத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். டிரையரில் போட்டால் பருத்திச் சேலை நைந்துவிடும் என்று அம்மா பின்கட்டில் கயிறு கட்டிச் சேலையைக் காயப்போட்டார். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் சேலை அப்பளமாக விறைத்திருந்தது. மடிக்கவே முடியவில்லை. கதவு மாதிரி தூக்கிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்தோம். நின்றது. ஐந்தரை மீட்டர் சுங்கடிச் சேலை யார் துணையும் இல்லாமல் தானாக நின்றதைப் பார்த்து நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். (விறைத்தபடியே விட்டிருந்தாலும் காய்ந்திருக்குமாம். ஐஸ் தண்ணீராகாமலே நேராக ஆவியாகும். ஆனால் பொறுமை வேண்டும்.)

அக்கா சோபாவில் குழந்தையோடு உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. டி.வி-யில் தெரியாத மொழிப் படம் ஓடும்போது பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

ஜனவரி நடுவில் பொங்கல் முடிந்த மறுநாள், ஆறாவது வாரப் பரிசோதனை. அக்காவோடு நான்தான் போனேன். குழந்தையின் எடை, தடுப்பூசி எல்லாம் பேசி முடித்ததும் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். 10 கேள்விகள். கடந்த 7 நாள்களில் எப்படி இருந்தீர்கள் என்று டிக் செய்ய வேண்டும். எடின்பரோ அளவுகோல் என்று பெயர். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987-ல் உருவாக்கப்பட்டது. உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். முதல் கேள்வியே, உங்களால் சிரிக்க முடிகிறதா, வேடிக்கையை வேடிக்கையாகப் பார்க்க முடிகிறதா என்பதுதான். இரண்டாவது, வரப்போகிற விஷயங்களை ஆசையோடு எதிர்பார்க்கிறீர்களா என்பது.

அக்கா பேனாவை முதல் கேள்வியிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தச் சேலை ஞாபகம் வந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருஷம் நானே எழுதியிருக்கிறேன்: ‘பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு... கவனிக்க வேண்டிய 7 அறிகுறிகள்.’ நல்ல வியூஸ் போன கட்டுரை. அந்த ஏழில் ஐந்தாவது ஆறு வாரமாக ஒரே வீட்டில் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பனியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, “பிள்ளை பெத்தவளுக்கு அழுகை வரத்தான் செய்யும், நானும் அழுதேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே, “என்னைய யாரும் கேக்கல” என்றார். அதன் பிறகு அம்மா அந்தப் பேச்சை எடுத்து மறுக்கவில்லை. அக்காவுக்கு ஆலோசகரோடு வாரம் ஒருமுறை வீடியோ காலில் பேச்சு, பால் கொடுப்பவர்களுக்குத் தகுந்த மாத்திரை என்று சிகிச்சை ஆரம்பமானது. அத்தான் ராத்திரிப் பால் புட்டியை ஏற்றுக்கொண்டார். வேலைக்கு நடுவே ஒரு முறை நானும். இதைத் தெளிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இதை எழுதும்போதே என் டெஸ்க் மூளை ‘பனியைப் பார்த்தே மனச்சோர்வை வென்ற பெண்!’ என்று தலைப்பு போடுகிறது. அது பொய். அவளைத் தூக்கி நிறுத்தியது சிகிச்சையும் தூக்கமும்தான்.

ஆனால் அம்மா இன்னொன்றும் செய்தார். திரைச்சீலைகளைத் திறந்துவிட்டார்.

குளிர்காலத்தில் டொரன்டோவில் உச்சிச் சூரியன்கூட உச்சிக்கு வராது. டிசம்பர் கடைசியில் நடுப்பகலில் அடிவானத்திலிருந்து 23 டிகிரி உயரம்தான். அதனால் வெயில் சாய்ந்து வந்து, ஜன்னல் வழியாக நுழைந்து, கூடத்தைத் தாண்டிச் சமையலறை வரை நீளும். அதோடு புதுப்பனி தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் 80 சதவிகிதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திரையைத் திறந்ததும் வீட்டின் உள்கூரை பளீரென்று இருந்தது, கீழிருந்து யாரோ டார்ச் அடிப்பது போல. வெளிச்சத்தை இங்கே மருந்து போலவே பேசுகிறார்கள். 2016-ல் டொரன்டோ பொது நூலகம் தன் இரண்டு கிளைகளில் வெளிச்ச சிகிச்சை விளக்குகளை வைத்தது. அதில் ஒன்று ஸ்கார்பரோவின் மால்வெர்ன் கிளை. குளிர்கால இருட்டில் சோர்ந்துபோகிறவர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து படிக்கலாம். நம் ஊரில் வெயிலுக்கு ஒதுங்கத்தான் நூலகம் போவோம்.

அம்மம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. சொன்னோம். அவர் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். எண்பதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம், கைக்குழந்தையோடு வந்து இறங்கியிருக்கிறார். காலில் கான்வாஸ் சப்பாத்து. கணவருக்கு இரண்டு வேலை. இரவு பதினொன்றுக்கு வருவார். “நாள் முழுக்க ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. வேலையால வாற மனுசனுக்கு என்னத்தைச் சொல்லுறது? ஊரைப் பற்றிக் கதைச்சா ரெண்டு பேரும் அழுவம். அதால, ஒவ்வொரு நாளும் இஞ்ச கண்ட ஒண்டைச் சொல்லுறது எண்டு வச்சனான். ஒண்டே ஒண்டு. பெரிசா வேண்டாம்.”

“என்ன சொல்லுவீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“ஒரு நாள், சிவத்தக் குருவி. ஒரு நாள், பஸ்காரன் எனக்காக நிண்டவன். ஒரு நாள் ஒண்டும் இல்லை. ஒண்டும் இல்லை எண்டும் சொல்லலாம், பிள்ளை.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் அக்காவுக்குப் பிடித்தது என்று பின்னால் சொன்னாள்.

அன்றிலிருந்து ராத்திரி நான் ஷிஃப்டுக்கு உட்காரும் முன் அம்மா கேட்க ஆரம்பித்தார்: “இன்னைக்கு என்ன பார்த்தீக?” அத்தான், வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியில் ஐஸ் பெரணி இலையாகப் படர்ந்திருந்ததைச் சொன்னார். நான், கடுங்குளிரில் பனி மிதிபடும்போது கஞ்சி மாவுப் பொட்டலத்தை அமுக்குகிற மாதிரி நெறுநெறுப்பதைச் சொன்னேன். அம்மாவுக்குக் கார்டினல் குருவி. எல்லா மரமும் மொட்டையாக நிற்கிறபோது செக்கச்செவேலென்று வந்து வேலியில் உட்காரும், குளிருக்குப் பயந்து தெற்கே ஓடாத பறவை. அக்கா பத்து நாளுக்கு மேல், “ஒண்ணுமில்லை” என்றே சொன்னாள். யாரும் வற்புறுத்தவில்லை. ‘சரி’ என்று அடுத்த ஆளிடம் போய்விடுவோம்.

பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, எண்ணி வைக்கவில்லை. அம்மா கேட்டதும் அக்கா சொன்னாள். “பாப்பாவ ஜன்னல்கிட்ட வெச்சிருந்தேன். அவ மூச்சு பட்டுக் கண்ணாடியில ஆவி பிடிச்சுது. இத்தனூண்டு. ஒரு ரூபாய் காசு அளவு. போயிடும், மறுபடி வரும்.”

அம்மா எழுந்து அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் நிஜமான பனி என்றால் என்ன என்று காட்டியது டொரன்டோ. 12-ம் தேதி இரவு ஒரு புயல். அது கரைவதற்குள் வார இறுதியில் இன்னொன்று. திங்கள்கிழமை குடும்ப தின விடுமுறை. எழுந்து பார்த்தால் கார்களைக் காணோம், கார் அளவு மேடுகள்தான் இருந்தன. கதவைத் தள்ளித் திறந்தால் என் முழங்காலுக்கு மேல். அழகெல்லாம் அப்புறம், முதலில் முதுகு ஒடிய வேலை. மண்வெட்டி மாதிரி அகன்ற பிளாஸ்டிக் தட்டில் பனியை அள்ளி ஓரமாக எறிய வேண்டும். ஒரு மணி நேரம் அள்ளி வழி எடுத்து முடித்ததும், தெருவைச் சுத்தம் செய்ய வந்த மாநகராட்சி வண்டி, தெருப் பனியை எல்லாம் சுருட்டி எங்கள் வாசலிலேயே வரப்பாகக் கட்டிவிட்டுப் போனது. அம்மா அந்த வண்டியைத் திருநெல்வேலித் தமிழில் வாழ்த்தினார்.

மூன்று மாதமாகத் தலையாட்டலைத் தாண்டிப் பேசாத தெரு அன்றைக்குப் பேசியது. எதிர்வீட்டு பிலிப்பினோ பையன் அம்மம்மா வாசலை யாரும் கேட்காமல் அள்ளினான். யாருடைய கார் சிக்கினாலும் நாலு பேர் வந்து தள்ளினார்கள். அம்மா எல்லோருக்கும் இஞ்சி டீ போட்டார். மத்தியானம் கதவு திறக்கிற சத்தம். பார்த்தால் அக்கா. அத்தானின் கோட், என் பூட்ஸ், அம்மாவின் மப்ளர். “பாப்பா தூங்குறா. எனக்கும் ஒரு தட்டு குடு” என்றாள். இருபது நிமிஷம்தான் அள்ளினாள். வியர்த்துவிட்டது. அப்படியே பனி மேட்டில் மல்லாந்து சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அம்மம்மா வேலியின் மேலாக ஒரு மேப்பிள் பாகு போத்தலை நீட்டினார். இதைக் காய்ச்சிப் பனியில் ஊற்றினால் மிட்டாயாகும், பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் செய்து கொடுத்தேன் என்றார்.

இங்கேதான் அம்மாவின் கண் மாறியது. அம்மா பிறந்த வீட்டில் கடலை மிட்டாய்க் குடிசைத் தொழில். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வந்தபோது, தனக்கே விருது வந்த மாதிரி தெருவுக்கெல்லாம் பாக்கெட் கொடுத்தவர். பாகு என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் பேச முடியாது. போத்தலைத் திறந்து முகர்ந்தார். நக்கிப் பார்த்தார். “இது என்ன மரம்?” மேப்பிள் மரத்தைத் துளைத்து எடுக்கிற நீர், இரவில் உறைகுளிரும் பகலில் கொஞ்சம் வெதுவெதுப்பும் மாறி மாறி வரும் குளிர்காலக் கடைசியில்தான் நன்றாகச் சுரக்கும், சுமார் 40 லிட்டரைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும் என்று அத்தான் சொன்னார். “பதநீர் மாதிரி” என்றார் அம்மா. அதோடு அவருக்கு விளங்கிவிட்டது.

வாணலியில் ஊற்றிக் காய்ச்சினார். இணையத்தில் 115 டிகிரி வரை என்று போட்டிருந்தது. அம்மாவிடம் தெர்மாமீட்டர் இல்லை. ஊரில் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்ப்பார். உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வந்தால் கடலை மிட்டாய்ப் பதம். இங்கே கிண்ணம் எதற்கு? பின்கட்டே கிண்ணம். கதவைத் திறந்து, கரண்டியிலிருந்து ஒரு சொட்டைப் பனியில் விட்டார். கரைந்து ஓடியது. இன்னும் இரண்டு நிமிஷம். மறுபடி ஒரு சொட்டு. இந்த முறை பனியின் மேல் நின்றது. விரலால் தொட்டு இழுத்தார். “ஆச்சு.”

சுத்தமான பனியாகப் பார்த்துத் தட்டில் அழுத்தி, அதன் மேல் கோடு கோடாக ஊற்றினார். ஊற்றும்போது கை சும்மா இருக்கவில்லை, சிக்குக் கோலமாக வளைந்தது. ஐஸ் குச்சியால் சுருட்டி முதலில் அக்காவிடம் கொடுத்தார். அக்கா வாயில் வைத்தாள். சூடும் குளிரும் ஒன்றாக ஏறி, பல்லில் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறக்க முடியவில்லை. ‘ம்... ம்...’ என்று கையை ஆட்டினாள். அம்மா பயந்துபோய், “என்னட்டி, பல்லு போச்சா?” என்றார்.

அக்கா சிரித்தாள். வாய் ஒட்டிக்கொண்டதால் மூக்கு வழியாகத்தான் சிரிப்பு வந்தது. அசிங்கமான சத்தம். அதைக் கேட்டு அம்மம்மா சிரிக்க, அத்தான் சிரிக்க, உள்ளே பாப்பா எழுந்து அழ ஆரம்பித்தாள். நான் போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ரீல்ஸுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் முதல் வாரம் நானும் அம்மாவும் கிளம்பினோம். அழகு குறைந்து அழுக்கு மிஞ்சியிருந்த நேரம் அது. தெருவெல்லாம் சாம்பல் நிறச் சகதி. உப்புக் கறை பிடித்த காலணிகள். தெருமுனை கடைகளின் கார் நிறுத்தத்தில், பிப்ரவரிப் பனியை எல்லாம் ஒதுக்கிக் குவித்த ஒரு குன்று, இரண்டு ஆள் உயரம். மண்ணும் புகையும் ஏறி நிலக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. அதில் ஒரு காபி டம்ளரும், யாரோ தொலைத்த ஒற்றைக் கையுறையும் செருகியிருந்தன.

ஊர் வந்து ஒரு வாரத்தில் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். அந்தக் குன்று. மறுநாளும் அதே குன்று, கொஞ்சம் சிறியதாக. பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்கப் போகும்போது எடுக்கிறாளாம். பந்தயமும் வைத்தாள், என்றைக்கு முழுசாகக் கரையும் என்று. அத்தான் ஏப்ரல் 5. நான் 10. அம்மா, “சித்திரை ஒண்ணு” என்றார். அக்கா 20.

ஏப்ரல் 14 அன்று கோவில்பட்டியில் நல்ல வெயில். அம்மா பாயசக் கரண்டியோடு வந்து, “உங்க அக்கா போட்டோ போட்டுட்டாளா?” என்றார். போட்டிருந்தாள். குன்று சூட்கேஸ் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கையுறை கீழே விழுந்துகிடந்தது. படத்தின் ஓரத்தில் பாப்பாவின் கம்பளிக் குல்லா பாதி தெரிந்தது.

கீழே எழுதியிருந்தாள்: ‘அம்மா அவுட். இன்னும் கெடக்கு. நாளைக்கு வந்து பார்க்கணும்.’